பரங்கிமலைப் பீரங்கியும் சுப்ஹு பாங்கும்: காற்றின் கனம் அளக்கப்பட்ட வரலாறு

மார்கழி மாதத்து விடியற்காலையில் பூந்தமல்லியிலோ ஆவடியிலோ மொட்டைமாடியில் நின்று பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். நம் தெருப் பள்ளிவாசலின் சுப்ஹு பாங்கு முடிந்த பின்னும் செவிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அடுத்த ஊர்ப் பாங்கு தெளிவாகக் கேட்கும். அதற்கும் அப்பால், எந்தத் திசை என்று உறுதியாகச் சொல்ல இயலாத தொலைவிலிருந்து இன்னொரு பாங்கு மெல்லிய இழையாக வந்து சேரும். அதே மாடியில் சித்திரை மாதத்து லுஹர் நேரத்தில் நின்றால், இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளியின் பாங்கே பாதி தேய்ந்துதான் வரும். ஒலிபெருக்கியும் அதுவே, முஅத்தினும் அவரே. விடியலில் வாகன இரைச்சல் குறைவு என்பது ஒரு காரணம்தான். ஆனால் அம்பத்தூர் வயலும் ஏரியுமாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களைக் கேட்டால், அன்றும் பகலுக்கும் விடியலுக்கும் இந்த வேறுபாடு இருந்தது என்றே கூறுவர்.

இதற்கு விடை காற்றில் இருக்கிறது. சூடும் ஈரமும் காற்றின் அடர்த்தியை மாற்றுகின்றன. அடர்த்தி மாறினால் ஒலியின் நடையும் மாறுகிறது. இவ்வளவையும் இன்று பள்ளிப் பாடநூலே சொல்லிவிடும். இந்தக் கேள்வியை நீண்ட காலம் விடாமல் அளந்து பார்த்த ஓர் ஆய்வு நம் பகுதிக்கு மிக அருகில், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பது பலர் அறியாதது. அந்த ஆய்வு ஓரிடத்தில் தவறிய விதமும் அறியத்தக்கது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் அமைந்துள்ள வளாகத்தில், 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக்கூடம் கட்டினர். அதன் கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. ஆசியாவில் கணித அறிவியல் பிரிட்டிஷாரின் கொடையால்தான் முதன்முதலாக ஊன்றப்பட்டது என்னும் பொருள்பட அத்தூணில் பொறித்து வைத்திருக்கிறார்கள். தமிழிலும்கூட அதைப் பொறித்திருக்கிறார்கள். அல்பிரூனியும் ஆரியபட்டரும் பிறந்த கண்டத்தில் நின்றுகொண்டு அவ்வாறு எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எனினும் அக்கூடத்தில் நடந்த வேலை உண்மையான வேலை. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 1796 முதல் சென்னையின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் நாள்தோறும் குறித்து வரச் செய்தார். இன்றைய ராஜாஜி மண்டபத்தை வடிவமைத்தவரும் இவரே.

அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கம். பரங்கிமலை அன்று சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமையிடம். அங்கிருந்து மேற்கே செல்லும் சாலையை நாம் இன்றும் மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்றே அழைக்கிறோம். பூந்தமல்லியிலும் ஒரு படைமுகாம் இருந்தது. அதற்கும் வெகு முன்னரே, கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குத்புஷாவின் ஆட்சிக்காலத்தில், 1653-இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் ஒன்று பூந்தமல்லியில் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. வெறுங்குரலில் சொல்லப்பட்ட பாங்கு, காற்று இடங்கொடுத்த தொலைவு வரையே சென்றது.

கோல்டிங்காமின் எண்ணம் எளிமையானது. பீரங்கி வெடிக்கும்போது தீச்சுடர் கண்ணுக்கு உடனே தெரியும். ஓசை பிந்தி வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணினால், தொலைவை அந்நொடிகளால் வகுத்து ஒலியின் வேகத்தை அறியலாம். பரங்கிமலையிலிருந்து வானாய்வுக்கூடம் 29,547 அடி, அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கோட்டையிலிருந்து 13,932 அடி. மலைப் பீரங்கியின் ஓசை வந்து சேர சுமார் 26 நொடியும், கோட்டைப் பீரங்கியின் ஓசைக்குச் சுமார் 12 நொடியும் ஆயின. 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் கூடத்து உதவியாளர்கள் காலமானியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நொடிகளை எண்ணினர். ஒவ்வொரு முறையும் வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரமானி ஆகியவற்றின் அளவுகளும் காற்று வீசிய திசையும் குறிக்கப்பட்டன. முடிவுகள் 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின.

இவ்வளவு பாடு எதற்காக? ஐரோப்பாவில் அப்போது ஒரு பழைய சிக்கல் இருந்தது. நியூட்டன் காற்றின் அடர்த்தியையும் அழுத்தத்தையும் கொண்டு ஒலிவேகத்தைக் கணக்கிட்டு, நொடிக்கு 979 அடி என்று சொன்னார். உண்மை வேகம் அதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுதல். இந்த இடைவெளியை நிரப்புவதற்கு, காற்றில் கலந்துள்ள ஆவி ஒலியின் அசைவில் பங்கு கொள்வதில்லை என்று அவர் ஒரு காரணம் சொல்லிப் பார்த்தார். அது சரியான காரணமன்று. ஒலி அலை காற்றை நெருக்கும்போது அக்காற்று கணநேரம் சூடாகிறது என்பதே விடுபட்ட செய்தி என்பதை 1816-இல் லாப்லாஸ் விளக்கினார். ஆகவே வெப்பமும் ஈரமும் ஒலியை என்ன செய்கின்றன என்று வெப்பநாட்டில் அளந்து பார்க்க அதுவே உரிய காலம். ஐரோப்பாவில் பெரும்பாலும் சில இரவுகளில் முடித்துவிட்ட சோதனையைச் சென்னையில் மாதக்கணக்கில் செய்ய முடிந்தது; பீரங்கி எப்படியும் நாள்தோறும் வெடித்துக்கொண்டிருந்தது அல்லவா!

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். காற்றுக்கு எடை உண்டு என்பதை நியூட்டனுக்கு 500 ஆண்டுகளுக்கும் மேல் முன்பே எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினி. இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருக்கும் மர்வு நகரில், செல்ஜூக் சுல்தான் சன்ஜரின் காலத்தில் வாழ்ந்தவர். அடிமையாக அந்நகருக்கு வந்து கல்வியால் உயர்ந்தவர். ஹிஜ்ரி 515-இல், அதாவது 1121-22 வாக்கில், ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை அவர் இயற்றினார். ‘ஞானத் தராசு’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அசல் தங்கத்தையும் கலப்புத் தங்கத்தையும், உண்மைக் கல்லையும் போலிக் கல்லையும் பிரித்தறியும் நுட்பமான தராசு பற்றிய நூல் அது. அளவையில் மோசம் செய்யாதிருப்பதை ஒரு வணக்கமாகவே கருதிய சமூகத்தில் இத்தகைய நூல் பிறந்ததில் வியப்பில்லை.

தராசின் நேர்மையைத் தேடிச் சென்ற அல்காஸினி காற்றிடம் வந்து சேர்ந்தார். நீரில் மூழ்கிய பொருள் எடை குறைவதுபோல், காற்றில் இருக்கும் பொருளும் எடை குறைகிறது என்றார். அடர்ந்த காற்றில் அக்குறைவு மிகுதி, மெலிந்த காற்றில் குறைவு. எனவே அடர்ந்த காற்றிலிருந்து மெலிந்த காற்றுக்குக் கொண்டுபோகப்படும் பொருள் சற்றுக் கனக்கும் என்பது அவர் கூற்று. அதாவது நாம் நிறுக்கும் ஒவ்வொரு சவரனையும் காற்று சிறிதளவு தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் நூலின் பகுதிகளை ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் கானிகோஃப் 1850-களின் இறுதியில் வெளியிட்ட பிறகே மேலைநாட்டார் அதைப் பரவலாக அறிந்தனர்.

நம் மேடைகளில் அல்காஸினியைப் பற்றிப் பேசுவோர் சில வேளைகளில் இத்துடன் நில்லாமல், காற்றைப் பற்றிய எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு அவர் சொல்லவில்லை. ஈரம் காற்றின் அடர்த்தியை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அளக்க அவரிடம் கருவி இல்லை. எடையில் ஓர் அணுவளவும் கூட்டிச் சொல்லாத மனிதரின் பெயரில் நாம் கூட்டிச் சொல்வது அவருக்கு மரியாதை ஆகாது.

இனி கோல்டிங்காமின் அட்டவணைக்கு வருவோம். டிசம்பர் மாதச் சராசரி: வெப்பம் 79.37 பாரன்ஹீட் பாகை, ஒலிவேகம் நொடிக்கு 1,099 அடி. ஜூலை மாதச் சராசரி: வெப்பம் 86.65 பாகை, வேகம் 1,164 அடி. ஈரமானி டிசம்பரில் 1.43 என்றும் ஜூலையில் 27.85 என்றும் காட்டியது. அந்த ஈரமானி வறட்சியின் அளவைக் காட்டுவது. எண் கூடினால் காற்று உலர்ந்திருக்கிறது என்று பொருள். வடகிழக்குப் பருவமழையில் சென்னை நனைந்து கிடக்கும் டிசம்பரில் எண் சிறுத்தும், மேற்கிலிருந்து காய்ந்த காற்று வீசும் ஜூலையில் பெருத்தும் இருப்பது பொருந்தி வருகிறது.

இந்த எண்களிலிருந்து அவர் விதிகளை வகுத்தார். வெப்பம் ஒரு பாகை கூடினால் ஒலிவேகம் 1.2 அடி கூடும். ஈரமானி ஒரு பாகை ஏறினால் 1.4 அடி கூடும். காற்றழுத்தமானி பத்தில் ஓர் அங்குலம் மாறினால் 9.2 அடி வேறுபடும்.

முதல் விதி பெருமளவு சரி. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 1.1 அடி. இரண்டாவதும் மூன்றாவதும் தவறு. இரண்டாவது தவறு வெறும் அளவில் அன்று, திசையிலேயே தவறு. காற்று உலர உலர ஒலி விரையும் என்கிறது அந்த விதி. உண்மையில் ஈரம் கூடினால்தான் ஒலி சிறிதளவு விரையும்.

ஏனெனில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது.

இதைக் கேட்டவுடன் நம் வீடுகளில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. புழுங்கும் நாளில் ‘காற்றே கனமாக இருக்கிறது’ என்று சொல்லித்தான் நாம் வளர்ந்திருக்கிறோம். நனைந்த துணி கனக்கிறது, நனைந்த மண் கனக்கிறது, ஆகவே நனைந்த காற்றும் கனக்க வேண்டும் என்று மனம் கருதுகிறது. ஆனால் துணியில் நீர் கூடுதலாகச் சேர்கிறது. காற்றில் நீராவி, இருந்த காற்றை விலக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. ஒரே வெப்பத்திலும் ஒரே அழுத்தத்திலும் ஒரு பெட்டி கொள்ளும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, அவை எந்த வாயுவாக இருந்தாலும், ஏறத்தாழ ஒன்றுதான். உலர்ந்த காற்றின் மூலக்கூறு சராசரியாக 29 பங்கு கனம். நீர் மூலக்கூறு 18 பங்கு மட்டுமே. கனமானவர் எழுந்துபோன நாற்காலியில் மெலிந்தவர் வந்து அமர்ந்தால் மொத்த எடை குறையத்தானே செய்யும்? ஒலியைப் பற்றிய தம் விளக்கத்தில் ஆவியை முன்னிட்டுத் தடுமாறிய அதே நியூட்டன், ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது என்பதைத் தம் ஒளியியல் நூலில் சரியாகவே குறித்திருக்கிறார். புழுக்கத்தில் நாம் உணரும் கனம் நம் உடலின் கனம். வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தேங்கி நிற்பதன் களைப்பு அது.

எண்ணிக்கையில் பார்ப்போம். அம்பத்தூரில் பத்துக்குப் பத்து அடி அறை, உயரமும் பத்தடி. மார்கழி விடியலில் வெப்பம் 25 செல்சியஸ் பாகை, ஈரப்பதம் 85 விழுக்காடு என்று கொண்டால், அவ்வறையிலுள்ள காற்றின் எடை ஏறத்தாழ 33 கிலோ. காற்றுக்கு இவ்வளவு எடையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆம், ஓர் அரிசி மூட்டையைவிடக் கூடுதல். வைகாசி மாதத்தில் 35 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் நாளில் அதே அறைக் காற்று சுமார் 32 கிலோ. குறைந்த அந்த ஒரு கிலோவில் பெரும்பங்கு வெப்பத்தின் வேலை. ஈரத்தின் பங்கு சிறியது. ஆனால் அதுவும் குறைக்கவே செய்கிறது.

ஒலியின் வேகம் இரண்டு குணங்களைப் பொறுத்தது: நெருக்கினால் காற்று எவ்வளவு விறைத்து எதிர்க்கிறது என்பது ஒன்று, எவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு அசைய வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடும், அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடும், ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே அழுத்தம் மட்டும் மாறினால் ஒலிவேகம் மாறுவதில்லை. அழுத்தம் அப்படியே இருக்க, சூடோ ஈரமோ கூடினால் விறைப்பு ஏறத்தாழ அதுவேதான். சுமை மட்டும் குறைகிறது. சுமை குறைந்தவர் விரைந்து நடக்கிறார்.

அப்படியானால் அத்தனை மாதங்கள் உழைத்தவர் எங்கே தவறினார்? அவர் எண்களில் அன்று; நம் ஊரின் பருவங்கள் அவரை ஏமாற்றிவிட்டன. சென்னையில் சூடு, வறட்சி, காற்றழுத்தம், காற்று வீசும் திசை ஆகிய நான்கும் தனித்தனியே மாறுவதில்லை. ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டே மாறுகின்றன. ஜூலையில் வெப்பம் மிகுதி, வறட்சி மிகுதி, அழுத்தம் குறைவு, காற்று தென்மேற்கிலிருந்து வீசும். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். ஒலி ஜூலையில் விரைந்தது என்று கண்டால், இந்த நால்வரில் எவர் செய்த வேலை அது?

அட்டவணையிலேயே சான்று இருக்கிறது. ஆண்டில் மிகச் சூடான மாதம் மே, சராசரி 88.11 பாகை. ஆனால் மே மாதத்து வேகம் 1,151 அடிதான். அதனினும் சற்றுக் குளிர்ந்த ஜூலையில் 1,164 அடி. பிப்ரவரி ஜனவரியைவிட மயிரிழை குளிர்ந்திருந்தது. ஆயினும் வேகம் 1,101-லிருந்து 1,117 அடியாக ஏறியது. டிசம்பருக்கும் ஜூலைக்கும் உள்ள வெப்ப வேறுபாடு 7 பாகைக்குச் சற்று மேல். இது 8 அடி வேறுபாட்டையே தரும். அட்டவணை காட்டுவதோ 65 அடி.

மிச்சத்தில் வீசும் காற்றின் கை பெரிது என்பதே நம் கருத்து. பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே உள்ளது. ஜூலையின் தென்மேற்குக் காற்று மலைப் பீரங்கியின் ஓசையை முதுகில் கைவைத்துத் தள்ளியது. டிசம்பரின் வடகிழக்குக் காற்று அதன் மார்பில் மோதித் தடுத்தது. கோல்டிங்காமுக்கு இது தெரியாததன்று. காற்று ஒலியுடன் வீசும்போதும் எதிர்த்து வீசும்போதும் இடையே 21 அடிக்கு மேல் வேறுபடுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். தெரிந்திருந்தும், வறட்சிக்கும் அழுத்தத்துக்கும் தனித்தனிப் பங்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உடன் வந்தவர்களை எல்லாம் உறவினர் என்று எண்ணிப் பந்தியில் அமர்த்திய கதைதான். ஆனால் எண்களை அவர் மறைக்காமல் மாதவாரியாக அச்சிட்டதால்தான், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் நாம் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு அவரிடமே வழக்காட முடிகிறது.

காற்றின் கனவேறுபாடு நம் பகுதியில் மற்றொரு வழியிலும் நாள்தோறும் தெரிகிறது. கோடையில் நண்பகலுக்குள் நிலம் சுட்டுப் போக, அதன் மேலுள்ள காற்று மெலிந்து இலேசாகிறது. கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று கனமானது. அது நிலத்துக் காற்றின் அடியில் புகுந்து முன்னேறுகிறது. இதுவே கடற்காற்று. மெரினாவில் அது நண்பகலையொட்டி வந்துவிடும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வந்து சேர வெகுநேரமாகும். வழியில் சூடேறித் தன் குளிர்ச்சியையும் இழந்திருக்கும். மேற்குக் காற்று வலுத்த நாள்களில் வராமலே நின்றுவிடுவதும் உண்டு. திருவல்லிக்கேணி உறவினர் வீட்டில் அஸருக்கே சன்னல் திரை ஆடும்போது, ஆவடியில் மஃரிபு வரை மின்விசிறியே கதி என்றிருப்பது இதனால்தான்.

மாடியில் விட்டுவந்த கேள்வி மீதமிருக்கிறது. ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்றால், வெப்பம் உயரத்துக்கு உயரம் மாறும்போது ஒலி வளையவும் வேண்டும். ஓடும் வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் மணலில் சிக்கி மெதுவானால், வண்டி அப்பக்கமே திரும்பும். ஒலியும் அவ்வாறே, மெதுவாகச் செல்லும் அடுக்கின் பக்கம் திரும்புகிறது. பகலில் சுட்ட தரையை ஒட்டிய காற்று சூடானது. மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே கடந்துபோய்விடுகிறது. லுஹர் பாங்கு தேய்வது இதனால். மார்கழி இரவில் மேகமற்ற வானத்தின் கீழ் தரை விரைந்து குளிர்கிறது. சுப்ஹு நேரத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த கனத்த காற்றும், அதன்மேல் சற்றுச் சூடான இலேசான காற்றும் அடுக்காக நிற்கின்றன. மேலே செல்ல வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்து, தொலைவிலுள்ள மாடிகளில் இறங்குகிறது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் பனிமூட்டம் தரையோடு படிந்து கிடக்கும் விடியல்களில் இந்த அடுக்கைக் கண்ணாலேயே காணலாம். ஈரக்காற்று கூரிய ஒலிகளை உலர்ந்த காற்றைவிடக் குறைவாகவே விழுங்குகிறது என்பதால், பாங்கின் எழுத்துகள்கூட அப்போது தெளிவாக வருகின்றன.

பரங்கிமலையில் இப்போது பீரங்கி வெடிப்பதில்லை. ஆனால் அதை அடுத்துள்ள மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையினர் நாள்தோறும் காலை 5.30 மணி, மாலை 5.30 மணிக் கணக்குக்காக ஒரு பலூனை வானில் விடுகிறார்கள். அதில் கட்டப்பட்ட சிறு பெட்டி வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் அடுக்கடுக்காக அளந்து வானொலியில் அனுப்பிக்கொண்டே மேலே செல்கிறது. வீசும் காற்றின் திசையும் வேகமும் அதனுடனேயே பதிவாகின்றன. மார்கழியில் அது ஏறும்போது சுப்ஹு பாங்கு இன்னும் காற்றில் இருக்கும். சுற்றியுள்ள காற்று தன்னைவிடக் கனமாக இருக்கும் வரை அந்தப் பலூன் ஏறிக்கொண்டே இருக்கும்.